கடைமடைக்கு ஒரு கடலோரச் சட்டம்

மலையடிவாரத்தில் பிறந்த ஒருத்தர் கடலுக்குக் காவல் போனார் என்பதை எங்கள் ஊர் இருபத்திரண்டு வருடம் நம்பவில்லை. வடகரைக்குக் கிழக்கே, ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் வயலுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி திருச்செந்தூர் போய்ச் சேர அரை நாள் ஆகும். அந்த ஊரிலிருந்து பேச்சிராஜ் அண்ணாச்சி பத்தொன்பது வயதில் இந்தியக் கடலோரக் காவல்படையில் சேர்ந்தார். முதல் லீவில் வெள்ளைச் சீருடையில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டியபோது, "கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்க ஆள் எடுத்திருக்கானுவ போல" என்று சொன்னவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். என் அப்பாவும் அதில் ஒருவர்.

மண்டபம், விசாகப்பட்டினம், போர்பந்தர் என்று ரோந்துக் கப்பல்களிலேயே அவருடைய வாலிபம் கழிந்தது. புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து மனிதர்களைத் தூக்கியிருக்கிறார். சந்தேகப்பட்ட கப்பல்களில் ஏணி போட்டு ஏறிச் சோதனை போட்டிருக்கிறார். இதையெல்லாம் அவராகச் சொல்லமாட்டார். கேட்டால், "நம்மட வேலை அதுதானலே" என்பதோடு முடித்துக்கொள்வார். ஓய்வு பெற்று வந்தபோது கையிலிருந்த காசுக்குப் பரம்பரை வயலை ஒட்டியே இன்னும் ஒரு ஏக்கர் வாங்கி, மொத்தம் இரண்டு ஏக்கராக்கினார். அந்த இரண்டு ஏக்கரும் கடைமடையில் இருந்தது. அதாவது செவல்மடைக்கால் என்கிற எங்கள் வாய்க்கால் போய் முடிகிற இடத்தில்.

விற்றவர் ஏன் அவ்வளவு மலிவாக விற்றார் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. அந்த வருடம், சாரல் தண்ணீரில் நட்டுப் புரட்டாசியில் அறுக்கிற கார் சாகுபடியில், அவருக்கே தெரிந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் அடித்தது, அருவி கொட்டியது, அணையைத் திறந்தார்கள், வாய்க்காலில் தண்ணீரும் வந்தது. வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் வரப்பு மூழ்கி நின்றது. நடுமடையில் தவளை கத்தியது. கடைமடையின் நாற்பது ஏக்கரில் நாற்று மஞ்சளாகி, பிறகு வைக்கோலின் நிறத்துக்கு வந்தது. அதற்கு முந்தின இரண்டு காரும் அப்படித்தான் போனதாம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வாய்க்காலுக்கு நீர்பாய்ச்சி இல்லை. மடைகளைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பங்கு வைப்பவர்தான் நீர்பாய்ச்சி. முப்பது வருடம் அந்த வேலையைப் பார்த்த குத்தாலிங்கத்துக்கு முழங்கால் தேய்ந்து, வரப்பில் நடக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு அவரவர் மடையை அவரவர் திறந்துகொண்டார்கள். மேலே இருப்பவர் திறந்தால் கீழே இருப்பவருக்கு ஏது?

இந்த நேரத்தில்தான் செங்கோட்டை ரோட்டில் ஆபீஸ் போட்டிருந்த மனை வியாபாரி ஒருவர் கடைமடைக்காரர்களைத் தேடி வந்தார். நாற்பது ஏக்கரும் மொத்தமாக வேண்டும், பிளாட் போடப் போகிறேன் என்றார். விலையும் மோசமில்லை. சந்தனமாரி பெரியம்மாதான் எல்லோருக்குமாகப் பேசினாள். அவளுக்கு ஒன்றரை ஏக்கர். புருஷன் போனபிறகு தனியாளாக நின்று விவசாயம் பார்க்கிறவள்.

"ஆவணி வரைக்கும் பொறும். இந்தக் காரும் தீஞ்சுபோச்சுன்னா எடுத்துக்கிடும்" என்று அவள் சொன்னாள். அது பங்குனி மாதம். ஆக, கடைமடை வயலாக இருக்குமா மனையாகுமா என்பதற்கு ஒரே ஒரு கார் சாகுபடிதான் பாக்கி இருந்தது.

வைகாசியில் பாசனச் சங்கக் கூட்டம் கூடியது. பேச்சிராஜ் அண்ணாச்சியை நீர்பாய்ச்சி ஆக்கலாம் என்று யாரோ சொல்ல, "கடலையே கட்டி மேச்சவருக்கு இந்த வாய்க்கால் எம்மாத்திரம்!" என்று கைதட்டினார்கள். மடைகளின் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். அங்கேதான் அவர் ஒரு தப்புச் செய்தார்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. புது நீர்பாய்ச்சி பொறுப்பேற்கும் அன்று தலைமடையில் தேங்காய் உடைப்பார்கள். தலைமடையில் பெரிய நிலம் யாருக்கு இருக்கிறதோ அவர் புது வேட்டியும் அரை மூட்டை அரிசியும் நீர்பாய்ச்சிக்குக் கொடுப்பார். அந்தப் பெரிய நிலம் ஆவுடைநாயகம் ஐயாவுடையது. இருபத்தைந்து ஏக்கர், கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற பழைய குடும்பம், எழுபது வயதிலும் மொபெட்டில் குடையோடு வயலுக்கு வந்துவிடுகிறவர். அவர் வேட்டியை நீட்டினார். அண்ணாச்சி மரியாதைக்கு வாங்கி, அங்கேயே கட்டிக்கொண்டார்.

எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. மொத்தம் இருநூற்றுப் பத்து ஏக்கருக்கும் மணிக்கணக்குப் போட்டு, முறை பிரித்து, அட்டையில் எழுதி ஒவ்வொரு மடையிலும் தொங்கவிட்டார். ஒன்பதாம் நாள் காலையில் தலைமடையில் முறை முடிந்தபிறகும் தண்ணீரை அடைக்கிற மடைப் பலகை தூக்கியே இருந்தது. அண்ணாச்சி இறங்கி அதை அடைத்தார். கொஞ்ச நேரத்தில் மொபெட் வந்து நின்றது.

"வே பேச்சிராஜ், யாரு மடைவே இது?"

"சங்கத்து மடைதான் ஐயா. உங்க முறை ஆறு மணியோட முடிஞ்சுட்டு."

"முறையா? அதை யாருவே போட்டது?"

"நான் போட்டது."

"நீரு போட்டீரு. ரொம்ப நல்லது." ஐயா குடையை மடக்கி அண்ணாச்சியின் இடுப்பைக் காட்டினார். "இடுப்புல கட்டியிருக்கீரே, அது யாரு போட்டது?"

களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐயாவின் ஆள் இறங்கிப் பலகையை மறுபடி தூக்கினான்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியை அவிழ்த்து, அவரே துவைத்து, கொடியில் போட்டார். அவருடைய மனைவி அனுசியா அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கட்டுன வேட்டியைத் திருப்பிக் கொடுத்தா, அவுக மொகத்துல அடிச்ச மாதிரில்லா இருக்கும்?"

"இதைக் கட்டிக்கிட்டு மடையில நின்னா என் மொகத்துல நானே அடிச்ச மாதிரி இருக்குட்டீ."

மறுநாள் வேட்டியும் அரிசியும் ஐயா வீட்டுக்குப் போயின. சாவிக்கொத்து சங்கத்துக்குப் போனது. "ஒம்பது நாள் கட்டுனதுக்கு வாடகை உண்டாவே?" என்று ஐயா கேட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு சந்தனமாரி பெரியம்மா சும்மா இருப்பாளா? முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஏலே பேச்சி, பொயலைப் பாத்து ஓடாதவன் ஒரு கெழவன் கேட்ட ஒத்தக் கேள்விக்குச் சாவியை வச்சிட்டு வந்துட்டியாக்கும்! எங்க நாத்து அங்கன நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கு."

"அக்கா, அவுக கேட்டது சரியான கேள்வி. தப்பா நின்னது நான்தான்."

"என்னலே தப்பு?"

அண்ணாச்சி சொன்னதை என்னால் மறக்க முடியாது. "எங்க படையையும் முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. எழுபத்தேழுல கடற்படைகிட்டயிருந்து ஏழு கப்பலை வாங்கி, போய்க் காவல் காருங்கன்னு விட்டாங்க. சட்டம் வந்தது அடுத்த வருஷம்தான். சட்டம் இல்லாதவன் ஒரு கப்பலை நிறுத்தி, ஏணி போடுன்னு சொன்னா, 'நீ யாருலே'ன்னு கேப்பான். சட்டம் மட்டும் இருந்து சம்பளம் அந்தக் கப்பல்காரன் கொடுத்தான்னா, ஏறிப் பாத்துட்டு 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு இறங்கி வந்துருவோம். அதிகாரம், சம்பளம் ரெண்டும் பொதுவுல இருந்து வரணும். எனக்கு ரெண்டுமே அப்படி வரல. சாவி ஊர் கொடுத்தது, ஆனா சட்டம் கொடுக்கல; வேட்டி அவுக கொடுத்தது."

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன். பொது நிதி என்று ஒரு பாடத்தை மனப்பாடம் செய்து எழுபத்தெட்டு மார்க் எடுத்தவன். அந்தப் பாடம் எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"அப்ப நமக்கும் ஒரு சட்டம் போட்டுக்கிட வேண்டியதுதானே?" என்றாள் பெரியம்மா. ஏதோ ஒரு ரசத்துக்குப் புளி கரைக்கிற மாதிரி, அவ்வளவு லேசாக.

மறுநாளே நான் தென்காசிக்குப் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடத்துக் கடலோரக் காவல் சட்டத்தை அச்செடுத்து வந்தேன். இங்கிலீஷில் இருந்தது. பிரிவு பிரிவாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். பல இடங்களில் அண்ணாச்சி, "இது நமக்கு ஆகாது, அடுத்தது போ" என்பார். மரண தண்டனை வரைக்கும் போகிற குற்றங்களை வாசித்தபோது பெரியம்மா, "அதை மட்டும் எழுதிக்கோலே, தலைமடைக்கு ஆகும்" என்றாள். மூன்று நாளில் நாலு பக்கத்துக்கு ஒரு வரைவு தயாரானது. அணைத் தண்ணீர் இன்னும் ஐம்பது நாள்தான் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. கடைமடை நாற்று பத்து நாள் தாங்கும் என்று குத்தாலிங்கம் பார்த்துச் சொன்னார்.

ஆனி மாதம் முதல் ஞாயிறு, அம்மன் கோயில் மண்டபம். எண்பது பட்டாதாரர்களில் எழுபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாரல் உள்ளே வரைக்கும் தெறித்தது. நான் வரைவை வாசித்தேன். நீர்பாய்ச்சிக்கு இனி நீர்க்காவல் என்று பெயர்; அவருக்கு எல்லா மடைகளையும் திறக்கவும் மூடவும் அதிகாரம் உண்டு. அட்டையில் எழுதிய முறையை யாராலும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் சங்கம் கூட வேண்டும். மீறினால் அடுத்த முறையில் மீறின நேரத்துக்கு இரண்டு மடங்கு கழியும். இதுவரை முணுமுணுப்புத்தான். ஏக்கருக்கு இன்ன மரக்கால் நெல் என்று எல்லோரும் ஒரே அளவில் சங்கத்து நெற்கூட்டில் போட வேண்டும். நீர்க்காவலுக்குக் கூலி அந்தக் கூட்டிலிருந்து மட்டும்தான். வேட்டி, அரிசி, அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கிற நெல் எதையும் தனியாள் கையிலிருந்து அவர் வாங்கக் கூடாது. இதை வாசித்ததும் மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

ஆவுடைநாயகம் ஐயா எழுந்தார். எழுந்தால் சத்தம் அடங்கிவிடும், அப்படி ஒரு ஆள்.

"தம்பி நல்லா எழுதியிருக்கான். படிச்ச புள்ள. ஆனா ஒண்ணு கேக்கேன். டெல்லிக்காரன் துட்டு இல்லைன்னா நோட்டு அடிச்சுக்கிடுவான். நாம என்னத்தவே அடிக்க? கோயில் மேளமா?"

மண்டபம் குலுங்கியது. கடைமடைப் பக்கமிருந்தே ஒருவர், "ஐயா சொல்லுதது நியாயம்தான். நாங்க மூணு காரா நெல்லையே பாக்கல. கூட்டுல என்னத்தப் போட?" என்றார். சட்டத்தின் உயிர் போகிற இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சிராஜ் அண்ணாச்சி எழுந்தார். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது அவருடைய சொந்தக் கைலி.

"கடைமடை இந்த வருஷம் போட வேண்டாம். அறுத்த பெறகு போடட்டும். அறுக்கலைன்னா எனக்குக் கூலி எதுக்கு? தண்ணி கொண்டு சேக்காதவனுக்கு எதுக்கு நெல்லு?"

"அப்ப உன் வீட்டுல உலை எப்படிலே கொதிக்கும்?" என்று ஒரு குரல்.

"எனக்கு பென்ஷன் கொதிக்கும். நான் எனக்காகச் சண்டை போடல. எனக்கு அடுத்து வருதவனுக்குப் பென்ஷன் கிடையாது. அவன் யாரு கையில வாங்குதானோ அவுக மடையைத்தான் பாப்பான்."

அப்போதுதான் தூணில் சாய்ந்திருந்த குத்தாலிங்கம் தடியை ஊன்றி எழுந்தார். முப்பது வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் அப்படித்தான் பாத்தேன்" என்றார். "அவன் சொல்லுதது என்னையத்தான். களத்துல ஐயா வீட்டுல மூணு மூட்டை அளப்பாக. சந்தனமாரி வீட்டுல ஒரு மரக்கா அளப்பாக, அதுவும் மழை பெஞ்சாத்தான். எனக்கு நாலு புள்ளைய. நான் எந்த மடையில நின்னிருப்பேன்னு நீங்களே சொல்லுங்க. யாரும் என்னைய மிரட்டல. ஐயா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானாத்தான் நின்னேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆவுடைநாயகம் ஐயா குத்தாலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூன்று மூட்டைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நான் நம்புகிறேன். அவர் அளந்தது பெருமைக்கு; லஞ்சம் என்று அவர் நினைத்ததே கிடையாது.

ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளுமில்லை. "சரிவே. காவல்காரன் எங்ககிட்ட வாங்கக் கூடாது. ஒத்துக்கிடுதேன். ஆனா உமக்கே கடைமடையில ரெண்டு ஏக்கர் கெடக்கே? அதிகாரத்தை உம்ம கையில கொடுத்தா, தண்ணி முதல்ல உம்ம வயலுக்குத்தானே போகும்? அதுக்கு உம்ம சட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

வரைவில் அதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. நான் தாளைப் புரட்டுகிற மாதிரி நடித்தேன்.

அண்ணாச்சி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "எழுதுலே" என்றார் என்னிடம். "நீர்க்காவல் பாக்குதவன் வயலுக்குக் கடைசி முறை. இருநூத்து எட்டு ஏக்கரும் நனைஞ்ச பெறகுதான் அவன் வயல்ல தண்ணி ஏறணும்."

"அடப் பாவி, உன் நாத்து தாங்காதுலே!" என்றாள் சந்தனமாரி பெரியம்மா.

"தாங்குனா தாங்கட்டும் அக்கா."

ஐயா தலையை ஆட்டினார். "இன்னொண்ணும் எழுது தம்பி. இந்தக் கூலி ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு சித்திரையிலயும் கூட்டம் போட்டு, கை தூக்கி, மறுபடி ஒதுக்கணும். இல்லைன்னா தலைக்கனம் வந்துரும்." கடிவாளம் போட்டுவிட்ட திருப்தியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "எங்க படைக்கும் அப்படித்தான் ஐயா. வருஷா வருஷம் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுத்தான் துட்டு ஒதுக்கும். இதை நான் எழுத மறந்துட்டேன், நீங்க எழுதிட்டீங்க."

கை தூக்கச் சொன்னோம். எண்ணியது நான். நடுமடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினார்கள். ஆதரவு நாற்பத்தொன்பது. எதிர்ப்பு இருபத்தெட்டு. ஒருவர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அது ஆவுடைநாயகம் ஐயா. கடைமடைப் பக்கத்தில் ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. அம்மன் கோயிலில் திருவிழா இல்லாமல் குலவை கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சட்டம் மூன்றாம் நாளே சோதனைக்கு வந்தது. தலைமடை முறை காலை ஆறுக்கு முடிய வேண்டும். அண்ணாச்சி போனபோது ஐயாவே வரப்பில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் நாங்கள் நாலைந்து பேர், சண்டை வந்தால் விலக்கிவிட.

"மணி என்னவே?"

"ஆறு அஞ்சு ஐயா. நடுமடையில பலகை மாட்டிக்கிட்டு, லேட்டாயிட்டு."

"அப்ப அஞ்சு நிமிஷம் என் வயல்ல கூடுதலா ஏறியிருக்கு. ரெண்டு மடங்குன்னா பத்து நிமிஷம். நோட்டுல எழுதிக்கிட்டீரா?"

"எழுதிருதேன்."

"எழுதிட்டு அடையும். நின்னு பேசிக்கிட்டு இருந்தா பன்னெண்டு ஆயிரும்." அவரே ஆளை அதட்டினார்: "ஏலே, கூடப் பிடியேம்லே பலகையை!"

சண்டையை விலக்க வந்த நாங்கள் பலகையைப் பிடித்தோம்.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்குக் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. முதலில் வாய்க்காலின் வெடிப்புகளில் இறங்கிக் காணாமல் போனது. பிறகு சருகுகளை ஏந்திக்கொண்டு, நுரையோடு, மண்புழுக்களை உருட்டிக்கொண்டு வந்து சந்தனமாரி பெரியம்மாவின் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய்மடையில் முட்டியது. அவள் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினாள். "வந்துட்டுலே! ஏட்டி எல்லாரும் வாங்கட்டி! வந்துட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்த கொக்குகள் எழும்பின. நாற்பது ஏக்கரில் முப்பத்தெட்டு, நாலு நாளில் நனைந்தது. சொன்ன சொல் மாறாமல் பதினோராம் நாள் மத்தியானம்தான் அண்ணாச்சி தன் வயலில் மடை திறந்தார். அதற்குள் கால்வாசி நாற்று கருகியிருந்தது. சந்தனமாரி பெரியம்மா தன் வயலில் மிஞ்சிய நாற்றுகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வந்து, கேட்காமலே நட ஆரம்பித்தாள். "தனியாள் கையிலருந்து வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு அக்கா" என்று அண்ணாச்சி தடுத்தார். அவள் குனிந்தபடியே, "நான் உனக்குக் கொடுக்கலலே, அனுசியாவுக்குக் கொடுக்கேன். போயி உன் மடையைப் பாரு" என்றாள். அனுசியா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.

ஆவணியில் மனை வியாபாரி காரில் வந்தார். கதிர் பொதி கட்டி நின்ற நாற்பது ஏக்கர் பச்சையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கினவர் அப்படியே ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

புரட்டாசியில் அறுவடை மிஷின் வந்தது. அதை ஓட்டி வந்தவர் சேலத்துக்காரர். மூன்று வருடமாகத் தலைமடையையும் நடுமடையையும் அறுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர். நடுமடை எல்லையில் வண்டியை நிறுத்தி, "அந்தப் பக்கமும் வயல் இருக்குதுங்களா? வண்டி போக வழி எங்கங்க?" என்று கேட்டார்.

பேச்சிராஜ் அண்ணாச்சி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சந்தனமாரி பெரியம்மா மிஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கையை வீசினாள்.

"வாய்க்காலைப் பிடிச்சு நேரா வாரும்வே! தண்ணி வந்துட்டு, ஒம்ம வண்டிக்கு வரத் தெரியாதோ?"